பேசியவர்கள் பட்டியல்

எனக்குக் குரல் பெரியது. பிறவியில் அப்படி இல்லை. ஆத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த காலம்வரை, அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூட எட்டாத குரல்தான். ஆசிரியையாகி, குமாரபாளையத்து நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், தெருவில் ஜனங்கள் பேசிக்கொள்வதைப் பார்த்து ஊரே சண்டையில் இருக்கிறது என்று பயந்துபோனேன். ஒருவர் நாலு வீடு தள்ளி நிற்பவரைப் பார்த்து நரம்பு புடைக்கக் கத்துவார். என்னவென்று விசாரித்தால், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டிருப்பார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. சுற்றிலும் விசைத்தறிப் பட்டறைகள். காலையில் தறிகள் தடதடக்கத் தொடங்கினால் கரண்ட் போகும்வரை ஓய்வதில்லை. அந்த இரைச்சலில் ஒன்று கத்த வேண்டும், இல்லையென்றால் சத்தமே போடாமல் பேசப் பழக வேண்டும். பட்டறைக்குள் இருப்பவர்கள் இரண்டாவதைத்தான் செய்வார்கள். எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். மீதிக்குக் கை இருக்கிறது. விரல் நுனியைக் கிள்ளிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ வந்துவிட்டது. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் யாரையும் கொல்லப்போவதில்லை, தறியை நிறுத்து என்று அர்த்தம்.

எங்கள் பள்ளிக்கும் ஒரு பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரை ஒட்டியிருப்பது என் ஆறாம் வகுப்பு. இரண்டே வருடத்தில் என் குரலும் ஊர்க்குரல் ஆகிவிட்டது. வீட்டில் நான் வாய் திறந்தால், பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பதாக என் கணவர் ஞாபகப்படுத்துவார்.

அந்த வருடம் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முதல் பெஞ்சு, ஜன்னலோரம், இரட்டைச் சடை. நான் பாடம் நடத்தும்போது என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாள். மற்ற பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே காக்காயைப் பார்ப்பார்கள், அடுத்தவன் டிபன் பாக்ஸைப் பார்ப்பார்கள். இவள் மட்டும் என்னையே பார்ப்பாள். இத்தனை வருட வேலையில் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை, கல்யாணமான புதிதில்கூட. என் பாடத்தின் அருமை தெரிந்த ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் அவளை வகுப்பு லீடர் ஆக்கினேன்.

லீடருக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஆசிரியர் ஆபீஸ் அறைக்குப் போகும்போது கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, பேசுகிற பிள்ளைகளின் பெயரைக் கீழே எழுத வேண்டும். பெரும்பாலான லீடர்கள் தங்களுக்கு ஆகாதவர்கள் பெயரை எழுதுவார்கள், சிநேகிதர்களை விட்டுவிடுவார்கள். இவள் பட்டியலில் ஒரு நாளும் ஒரு பிழை கிடையாது. கடைசிப் பெஞ்சில், பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காதபடி கிசுகிசுத்தவன் பெயரும் அதில் இருக்கும். கேட்டால் அவன் என்ன பேசினான் என்பதையும் சொல்வாள். சத்தமே வராமல் பேசினாலும் பிடித்துவிடுகிறாள் என்று பிள்ளைகள் அவளைக் கண்டு நடுங்கினார்கள். பாம்புச் செவி என்று நான் பாராட்டினேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். லீடர் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே 'சொல்வதை எழுது' நடத்தினேன். மூன்று வரி எழுதியவள் அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து இரண்டு தடவை ஏன் என்று கேட்டேன், பதில் இல்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். அந்தப் பாடவேளை முழுக்க அவளைக் கதவருகே நிற்க வைத்தேன். அழவில்லை. அங்கே நின்றும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் 'உள்ளடக்கிய கல்வி' என்ற பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். தனித்தேவை உள்ள பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லித்தர வேண்டும், அதற்கு முதலில் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, டிக் போடுவதற்கு ஒரு படிவமும் கொடுத்தார்கள். இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் படித்துவிட்டு வந்தவளுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தலைமையாசிரியருக்கு இரண்டு, என் கணவருக்கு நாலு என்று மனதுக்குள்ளேயே டிக் போட்டேன்.

வகுப்பில் மூன்று பிள்ளைகளைப் பிடித்தேன். ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பையன் ஒருவன். புத்தகத்தைத் தலைகீழாக வைத்து வாசிக்கிற பையன் ஒருவன். வாயே திறக்காத சின்னப் பெண் ஒருத்தி. மூவரையும் ஒன்றியத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு அழைத்துப்போக ஆட்டோ பிடித்தேன். என் ஒருத்தியால் மூன்று பேரையும் சமாளிக்க முடியாது என்பதால், துணைக்கு ஒரு பொறுப்பான பிள்ளை இருக்கட்டும் என்று லீடரையும் ஏற்றிக்கொண்டேன்.

முகாமில் காது பரிசோதிக்கிற அம்மாவின் முன்னால் முதலில் உட்கார்ந்தது வாய் திறக்காத பெண். காதில் மாட்டுகிற கருவியைப் பார்த்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். பயப்படாதே, அக்கா போட்டுக் காட்டுவாள் பார் என்று லீடரைப் பிடித்து உட்கார வைத்தேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். தூக்கினாள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அந்த அம்மா என்ன நினைத்தாரோ, அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். கை இறங்கிவிட்டது. அப்புறம் ஏறவே இல்லை.

பிளக் கழன்றிருக்கிறதா என்று அந்த அம்மா பார்த்தார். கருவியைக் கழற்றி என் காதில் மாட்டினார். எனக்குக் கேட்டது, கையைத் தூக்கினேன். மறுபடி அவளுக்கு மாட்டினார். நான் பின்னாலிருந்து, "கையைத் தூக்குன்னு சொன்னாங்கல்ல?" என்று என் ஊர்க்குரலில் அதட்டினேன். முகாமில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவளைத் தவிர.

இரண்டு காதும் ரொம்ப மோசம் என்றார் அந்த அம்மா. சின்ன வயதில் கொஞ்சமாக இருந்து, போகப்போகக் கூடியிருக்கலாம். இவ்வளவு நேரம் தன் முகத்தையும் பொத்தானை அழுத்துகிற விரலையும் பார்த்துத்தான் அவள் கையைத் தூக்கியிருக்கிறாள் என்றார். இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லையா என்று அவர் என்னைக் கேட்டார். நான் பயிற்சிக்குப் போய் வந்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

நான் பிடித்துக்கொண்டு போன மூவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். துள்ளுகிற பையன் உட்காரும் இடத்தில் பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தலைகீழாக வாசிப்பவன் வீட்டில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து அவள் புத்தகத்திலேயே எழுத்துப் பழகியவன். வாய் திறக்காத பெண் நன்றாகவே பேசுகிறாள் என்று டாக்டர் சொன்னார். அரை மணி நேரம் பேசினாளாம், எல்லாம் என்னைப் பற்றி.

மறுநாள் லீடரின் அம்மாவை வரச்சொன்னேன். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு, பட்டறையிலிருந்து நேராக வந்தார். நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

"ஏனுங்க டீச்சர், பட்டறைக்குள்ள யாருக்குத்தானுங்க காது கேக்குது? எல்லாரும் மூஞ்சியப் பாத்துத்தான் பேசறமுங்க. இவ எங்களையெல்லாம்விட வெடுக்குனு புரிஞ்சுக்குவா. இதப் போயி நோவுங்கறீங்களே."

பேசும்போது அவள் சொற்களின் கடைசி எழுத்தை விழுங்குவதைத் தறிக்காரர் வீட்டுப் பேச்சு என்று நான் நினைத்தேன். அவள் சத்தமாகப் பேசுவதைப் பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இரண்டு இரைச்சலுக்கு நடுவில் ஒரு பிள்ளை ஐந்து வகுப்பைத் தாண்டி வந்துவிட்டாள்.

முகாம் அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. இவளை வெளியூரில் இருக்கும் செவித்திறன் குறைந்தோர் பள்ளி விடுதியில் சேர்க்கலாமா என்பதை மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார். அங்கே நன்றாகத்தான் சொல்லித்தருவார்கள். ஆனால் அவளுக்குப் போக விருப்பமில்லை. தூரமாக அனுப்பினால் படிப்பே வேண்டாம், பட்டறையிலேயே நூல் சுற்றிக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். சொன்னால் செய்கிற பிள்ளை அது. அவள் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"இங்கியே இருக்கற மாதிரி எப்படியாச்சும் பண்ணுங்க சாமி."

பண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற நான் செய்த காரியங்கள்தான் அவளை விடுதி வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டன.

முதல் காரியமாக அவளை முதல் பெஞ்சிலிருந்து எழுப்பி, என் மேஜைக்குப் பக்கத்தில் தனி நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் என் வலது காதும் கம்மலும்தான் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது, பாவம், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று லீடர் பொறுப்பை வாங்கி வேறொரு பையனிடம் கொடுத்தேன். சட்டையிலிருந்து லீடர் பேட்ஜைக் கழற்றும்போது அவள் குனிந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் அவள் இருந்தது அன்றுதான். புது லீடர் அன்று மாலையே தனக்குக் கடலை மிட்டாய் தராத ஆறு பேர் பெயரைப் பலகையில் எழுதினான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேல். அவளுக்குப் புரிய வேண்டுமே என்று வாயை அகலமாகப் பிளந்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துப் பேச ஆரம்பித்தேன். பல் டாக்டரிடம் காட்டுவதைப் போலத் திறந்தேன். வகுப்புப் பிள்ளைகளும் என்னைப் பார்த்து அப்படியே செய்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி நாற்பது வாய்கள் திறந்து மூடின. அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்து மிரண்டுபோய் நின்றாள்.

காது மெஷின் வந்தது. அவள் அம்மா அதை விலையுயர்ந்த சாமான் என்று பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டிவிட்டார். நான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்து மாட்டிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறிச் சத்தம் முழுவதும் அதன் வழியாக அவள் காதுக்குள் போயிற்று. ஒரு மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த 'சொல்வதை எழுது' பயிற்சியில் அவளுக்குப் பத்துக்கு ஒன்று. கதவருகே நிற்க வைத்த அந்த ஒரு நாளைத் தவிர, என்றைக்கும் ஏழெட்டுக்குக் குறைந்ததில்லை. காது இன்னும் மோசமாகிக்கொண்டே போகிறது என்று நான் முடிவு செய்தேன். எனக்கு உண்மையிலேயே துக்கமாகத்தான் இருந்தது. தலைமையாசிரியரிடம் போய், நம்மால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டோம், விடுதிப் பள்ளிதான் அவளுக்கு நல்லது என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிப் பழகிய மனிதர் அவர். எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தேன்.

அதிகாரி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். கரண்ட் இருந்தது, பட்டறை உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மனிதருக்கு மெல்லிய குரல். வகுப்பின் நடுவில் நின்று என்னவோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. சிரித்து வைத்தேன். மறுபடி கேட்டார். நாற்பத்திரண்டு பேர் சார் என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

பிள்ளைகளிடம் திரும்பி இன்னொரு கேள்வி கேட்டார். வகுப்பு அப்படியே முழித்தது. பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் என் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். அவள் பாதி எழுந்து, அதிகாரியின் உதட்டைப் பார்த்தபடியே இரண்டு கையையும் வீசிக் காட்டினாள். வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று நாலு அசைவு. உடனே வகுப்பு முழுக்க ஒரே குரலில், "காவிரிங்க சார்" என்றது. ஊரை ஒட்டி ஓடுகிற ஆறு எது என்று கேட்டிருக்கிறார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. மதிய உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். முட்டை உண்டுங்க சார் என்றார்கள். அதிகாரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. நான் ஒருத்திதானே அந்த வகுப்பில் தறிக்காரர் வீட்டில் பிறக்காதவள்.

மறுபடியும் என்னைப் பார்த்து என்னவோ கேட்டார். நான் தவித்தேன். என் புடவைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். அவள்தான்.

"காது கேக்காத புள்ள எதுன்னு கேக்கறாருங்க டீச்சர்."

நான் அவளைக் காட்டினேன். அதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். நான் விளையாடுவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

எங்கள் இருவரையும் தலைமையாசிரியரையும் வராந்தாவுக்கு, சத்தம் குறைவான பக்கம் அழைத்துப்போனார். அவளுக்கு நேரே குனிந்து, விடுதிப் பள்ளிக்குப் போகிறாயா, இங்கேயே இருக்கிறாயா, இங்கே இருப்பதென்றால் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நானும் தலைமையாசிரியரும் அவளிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

இங்கேயே இருப்பதாகச் சொன்னாள். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர் போர்டப் பாத்துட்டுப் பேசுனா எனக்குத் தெரியாதுங்க சார். பின்னாடி நடந்துட்டே சொன்னாலும் தெரியாதுங்க. முந்தியெல்லாம், அந்தப் பக்கம் திரும்பிட்டா யாருக்குமே தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தனுங்க. மத்தவிங்கெல்லாம் அவிங்களா யோசிச்சு எழுதறாங்க, நாந்தான் மக்குன்னு நெனச்சேன்."

கதவருகே அவள் நின்ற அந்தப் பாடவேளை எனக்கு ஞாபகம் வந்தது. யோசிக்கத் தெரியாத குற்றத்துக்காக நிற்கிறோம் என்றல்லவா அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"இப்ப அப்பப்ப எம்பக்கம் திரும்பித்தான் பேசறாங்க. ஆனா வாய என்னமோ பண்றாங்க சார், ஒண்ணுமே புரியறதில்ல. பழையபடி திட்டற மாதிரியே பேசச் சொல்லுங்க. அது நல்லாப் புரியும்."

அதிகாரி சிரிப்பை அடக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டார். தலைமையாசிரியர் அடக்கவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், தப்பாக எதுவும் சொல்லிவிட்டோமோ என்று.

நான் எழுதிக் கொடுத்த தாளை அங்கேயே திரும்ப வாங்கிக் கிழித்தேன். அவள் இங்கேயே படிக்கலாம், வாரம் இரண்டு நாள் சிறப்பாசிரியை ஒருவர் வந்து அவளுக்குத் தனியாகச் சொல்லித்தருவார் என்று அதிகாரி உத்தரவு எழுதினார். வகுப்பாசிரியை பலகையைப் பார்த்துப் பேசக்கூடாது என்று அதிலேயே ஒரு வரி சேர்த்தார். ஆறாம் வகுப்பைப் பட்டறைச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்து அறைக்கு மாற்றவும் சொன்னார். தலைமையாசிரியர் உத்தரவைப் பிரதி எடுத்து என் வருகைப் பதிவேட்டில் ஒட்டிவிட்டார்.

அவள் முதல் பெஞ்சுக்குத் திரும்பினாள். பேட்ஜும் திரும்பியது, கடலை மிட்டாய்ப் பையன் உட்பட எல்லோருக்கும் அதில் நிம்மதி. புது அறையில் காது மெஷினும் அவளுக்குப் பழகிவிட்டது. நான் திட்ட ஆரம்பித்தால் மட்டும் அவள் கை மெல்லக் காதுக்குப் போகும், அதை அணைப்பதற்கு. திட்டுவதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் காது தேவையில்லை.

எனக்குத்தான் பழகவில்லை. எழுதிக்கொண்டே பேசுவது இருபது வருடப் பழக்கம். எழுது, வாயை மூடு, திரும்பு, அப்புறம் பேசு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நாலு நாள் சரியாக நடக்கும், ஐந்தாவது நாள் மறந்துவிடும். போன வாரம் பின்னக் கணக்கு ஒன்றை எழுதிக்கொண்டே பலகையிடம் வளவளவென்று பேசித் தீர்த்துவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஆபீஸ் அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது வகுப்பு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு. கீழே, அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில், ஒரே ஒரு வார்த்தை: டீச்சர்.

நான் டஸ்டரை எடுக்கவில்லை. நேராகப் போய்க் கதவருகே நின்றுகொண்டு, அவளைப் பார்த்தபடி, மீதிக் கணக்கை அங்கிருந்தே நடத்தி முடித்தேன்.